டாக்டர்களுக்கும் ஒரு வகுப்பறை

"ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. நாளடைவில் 'வேரை' என்பது 'பேரை' என்றும், 'கண்டவன்' என்பது 'கொன்றவன்' என்றும் திரிந்து, அப்பழமொழி வெறும் கேலிப் பேச்சாகி விட்டது. ஆயிரம் மூலிகை வேர்களின் குணத்தை அறிந்தவனும் பாதி வைத்தியனே. மீதிப் பாதியை அவன் இன்னும் கற்க வேண்டும் என்பதே அதன் பொருள் என்று பெரியோர் கூறுவர். வைத்தியத் தொழிலில் படிப்பு முடிந்து விடுவதில்லை என்ற உண்மையை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

நாம் பள்ளியில் படிக்கிறோம், தேர்வு எழுதுகிறோம், ஒரு நாள் படிப்பை முடித்து வெளியேறுவோம். டாக்டர்களும் அப்படித்தான் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆனால் ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் நோட்டுப் புத்தகத்துடன் வகுப்பில் அமரும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துவோரும் டாக்டர்களே. தொற்று நோய்களில் தனிப் பயிற்சி பெற்ற நிபுணர்கள், நம் தெருமுனைக் கிளினிக்கில் காய்ச்சல் பார்க்கும் குடும்ப டாக்டர்களுக்குக் கற்பிக்கும் தொடர் கல்வியைப் பற்றியே இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

முதலில் பார்ப்பவர் யார்?

வடசென்னைக்கு வைத்திய வரலாறு உண்டு. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதனால்தான் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைத்தார்கள். அங்கே 1938-ல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. தண்டையார்பேட்டையிலோ, தொற்று நோய்களுக்கென்றே மாநகராட்சியின் மருத்துவமனை அமைந்தது.

இத்தனை இருந்தும், காய்ச்சல் கண்டவுடன் நாம் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோமா? இல்லை. காசிமேட்டில் வலை இழுப்பவரும், துறைமுகத்தில் சுமை ஏற்றுபவரும், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலை வேலைக்குச் செல்பவரும் ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சுகிறவர்கள். மாலையில் வேலை முடிந்ததும் பக்கத்துத் தெரு டாக்டரிடமோ, மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோதான் செல்வார்கள். 2018-ல் மறைந்த பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரனையும், 2020-ல் மறைந்த வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடத்தையும் இப்பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று வாங்கிக் கொண்டு ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆகவே, ஒரு புதிய நோய் ஊருக்குள் நுழைந்தால் அதை முதலில் சந்திப்பவர் நிபுணர் அல்லர்; தெருமுனை டாக்டரே. அவருடைய மேசையின் முன் ஒரு மாலையில் பலர் வரிசையில் நிற்பர். பெரும்பாலோருக்குச் சாதாரணச் சளிக் காய்ச்சலாகத்தான் இருக்கும். அவர்களுள் ஒருவருக்கு மட்டும் உயிரைக் குடிக்கும் நோய் இருக்கலாம். அந்த ஒருவரைச் சில நிமிடங்களுக்குள் இனம் கண்டுகொள்ள வேண்டும். இது எளிய வேலையா?

பழைய பாடம் போதாதது ஏன்?

"டாக்டர் பட்டம் பெற்றவருக்கு மீண்டும் எதற்குப் பாடம்?" என்று கேட்கலாம். விடை நம் சென்னையின் வரலாற்றிலேயே கிடைக்கிறது.

காசநோய் கண்டவர்களைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தே குணப்படுத்த முடியும் என்று ஒரு காலத்தில் பாடப் புத்தகங்கள் கூறின. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் கவனித்தார்கள். ஏழ்மையும் குறைந்த உணவும் இருந்தும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்கள் வீட்டிலேயே ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகமே தன் காசநோய்ப் பாடத்தை மாற்றி எழுதிக் கொண்டது. சானடோரியப் பாடத்தைப் படித்துத் தேறியிருந்த டாக்டர்கள் எல்லாம் புதிதாகக் கற்க வேண்டி வந்தது.

1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எய்ட்ஸ் கிருமித் தொற்று கண்டறியப்பட்டதும் சென்னையில்தான். கண்டறிந்தவர்கள் இரண்டு பெண்கள் என்பதை நாம் பெருமையுடன் நினைவில் கொள்ள வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும் அவர்கள். அதற்கு முன் பட்டம் பெற்ற எந்த டாக்டரும் கல்லூரியில் அந்நோயைப் பற்றிப் பாடம் கேட்டவர் அல்லர். டாக்டர் சுனிதி 1993-ல் தாமே ஒரு நிலையத்தைத் தொடங்கி, நோயாளிகளைக் கவனித்ததோடு, பிற டாக்டர்களுக்கும் செவிலியர்க்கும் பயிற்சி அளித்தார். இந்நோயாளியைத் தொடவே அஞ்சிய காலம் அது. மருந்தைப் பற்றிய அறிவோடு, அச்சத்தை நீக்கும் அறிவையும் புகட்ட வேண்டியிருந்தது.

1992-ல் சென்னையில் ஒரு காலரா பரவியது. கொள்ளை நோயாகப் பரவும் காலராவுக்கு 'ஓ1' என்ற வகைக் கிருமியே காரணம் என்பது அதுவரை எல்லோரும் படித்த பாடம். ஆனால் இந்தக் கிருமி அந்த வகைக்குரிய பரிசோதனையில் அகப்படவில்லை. அது 'ஓ139' என்ற புது வகை என்று பின்னர் தெரிய வந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது, சென்னையில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மண்டலங்களுள் நம் இராயபுரமும் ஒன்று. அப்போது முதலில் சிபாரிசு செய்யப்பட்ட சில மருந்துகள் சில மாதங்களிலேயே பயனற்றவை எனத் தெரிந்தன. மூச்சுத் திணறி ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு உயிர் காக்கும், இலேசான நோய் உள்ளவர்களுக்கு அது தேவையில்லை, தீங்கும் செய்யலாம் என்பது அவ்வாண்டின் நடுவில் தெளிவாயிற்று. ஜனவரியில் படித்தது ஜூலைக்குப் போதவில்லை!

கற்காவிட்டால் என்ன நேரும்?

1991-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. மும்பையின் தாராவிப் பகுதியில் தனியாகத் தொழில் செய்த 100 டாக்டர்களிடம், "காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள்?" என்று கேட்டார்கள். நூறு பேரும் சேர்ந்து 80 விதமான மருந்துச் சீட்டுகளை எழுதினார்கள்! பல ஆண்டுகள் சென்று அதே மும்பையில் மீண்டும் கேட்டபோது, 106 பேரில் சரியான மருந்தைச் சரியாக எழுதியவர்கள் ஆறு பேர் மட்டுமே என்று 2010-ல் வெளியிட்டார்கள்.

காசநோய்க்கு மருந்தைக் குறைவாகவோ, குறைந்த காலத்துக்கோ கொடுத்தால் என்ன நிகழும்? வலுக்குறைந்த கிருமிகள் மடியும். வலுமிக்கவை பிழைத்துப் பெருகும். பின்னர் அதே மருந்துக்கு அவை அசையமாட்டா. அந்நோயாளி இருமும்போது, மருந்துக்கு அடங்காத கிருமியே அடுத்தவருக்குச் செல்லும். ஒரு சீட்டில் ஏற்பட்ட பிழை ஒரு தெருவையே தாக்கும். தொற்று நோய்க்கும் பிற நோய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள்?

அந்த வகுப்பு நம் வகுப்பைப் போன்றதன்று. பெரும்பாலும் ஒரு நோயாளியின் கதையிலிருந்தே பாடம் தொடங்கும். "நாற்பது வயதுப் பெண், ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி, ஊசி போட்டும் குறையவில்லை. என்ன செய்வீர்கள்?" என்று நிபுணர் கேட்பதாக வைத்துக் கொள்வோம். ஒருவர் டைபாய்டு என்பார். மற்றொருவர் டெங்கு என்பார். நிபுணரோ, "உடல் முழுவதும் பார்த்தீர்களா? அக்குளில் பார்த்தீர்களா?" என்று கேட்பார்.

அக்குளில் என்ன இருக்கும்? சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு சிறு கறுத்த பொருக்கு. புதரிலும் புல்லிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. நோயாளிக்கு வலியும் இராது. அது இருப்பதே தெரியாது. அதைக் கண்டால் 'ஸ்கரப் டைபஸ்' என்னும் உண்ணிக் காய்ச்சல் என்று அறியலாம். விலை உயர்ந்த பல ஊசி மருந்துகள் இக்கிருமியை ஒன்றும் செய்யா. டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரையே இதற்கு நல்ல மருந்து. நோய் முற்றி உயிருக்குப் போராடும் நிலையில், டாக்சிசைக்ளினுடன் அசித்ரோமைசினையும் சேர்த்துச் செலுத்துவது நல்லது என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023-ல் காட்டியது. சில ரூபாய் மாத்திரையால் பிழைக்க வேண்டிய உயிர், அக்குளைப் பார்க்காததால் போகக் கூடாதல்லவா?

டெங்குப் பாடத்தின் சாரம் இதற்கு நேர்மாறானது. காய்ச்சல் இருக்கும்போது நாம் அஞ்சுகிறோம். விட்டதும் நிம்மதி அடைகிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம், நோய் கண்ட மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரியும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து துவளுதல் ஆகியவை எச்சரிக்கை மணிகள். இவற்றைக் கண்டால் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்தன என்பதற்காக மட்டும் அவற்றை ஏற்றுவதால் பயனில்லை. அளவறிந்து நீர் கொடுப்பதே சிகிச்சையின் உயிர்நாடி. ஆஸ்பிரின், புரூபென் போன்ற வலி மருந்துகள் கூடா. இவை எல்லாம் அந்த வகுப்பில் அழுத்தமாகச் சொல்லப்படுபவை.

வெள்ளம் வடிந்த பின் எலிக் காய்ச்சல் தலைகாட்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் புண்ணோ கீறலோ உள்ளவர் நடந்தால் கிருமி உட்புகும். கெண்டைக்கால் தசையில் கடும் வலியும், கண் சிவப்பும், பின்னர் மஞ்சள் காமாலையும் தோன்றலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலிப் பகுதிகளில் எண்ணெய் கலந்த வெள்ளத்தில் மக்கள் நடந்தார்கள். இங்குள்ள டாக்டர், "தண்ணீரில் இறங்கினீர்களா?" என்ற கேள்வியை மறக்கவே கூடாது.

மலேரியாவைப் பரப்பும் நகரத்துக் கொசு, சாக்கடையில் அன்று, கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் உள்ள நல்ல நீரில் முட்டையிடுகிறது. வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்து கொண்டு மாதங்கள் சென்று மீண்டும் எழும். அதை ஒழிக்கப் பிரைமாக்குவின் மாத்திரையைப் பதினான்கு நாள் உட்கொள்ள வேண்டும். மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவோரே அதிகம். துறைமுகத்துக்குப் பல மாநிலத் தொழிலாளர்கள் வந்து போகிறார்கள். ஆகவே, "அண்மையில் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?" என்பதும் இங்கே வைத்தியத்தின் ஒரு பகுதியாகும். டைபாய்டிலும் ஒரு பாடம் உண்டு. ஒரே ஒரு தடவை செய்த 'விடால்' பரிசோதனையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் முன் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே சிறந்த வழி என்பர் நிபுணர்.

எவ்வாறு கற்பிக்கிறார்கள்?

இந்திய மருத்துவக் குழு 2002-ல் வகுத்த தொழில் நெறிமுறை, ஒவ்வொரு டாக்டரும் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்று கூறுகிறது. டாக்டர் சங்கக் கிளைகளும் மருத்துவக் கல்லூரிகளும் இதற்காகக் கூட்டங்கள் நடத்துகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2006-ல், பணியில் இருந்தபடியே பயிலத்தக்க குடும்ப மருத்துவத் தபால் வழிக் கல்வியைத் தொடங்கியது. எல்லா நோயாளிகளையும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளி விடாமல், முடிந்தவற்றைத் தாமே தீர்க்கவும், முடியாதவற்றை உரிய நேரத்தில் அனுப்பவும் டாக்டரைத் தகுதியாக்குவதே அதன் நோக்கம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், இந்தியாவில் பிறந்த டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-ல் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-சி நோய்க்கு அவரிடம் வர நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். அவர் என்ன செய்தார்? நோயாளிகளை வரவழைப்பதற்குப் பதிலாக, தம் அறிவைக் கிராமத்து டாக்டர்களிடம் அனுப்பினார். வாரந்தோறும் திரையின் வழியே அவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிக் கூற, நிபுணர்கள் வழிகாட்டினர். 407 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2011-ல் வெளியாயிற்று. நிபுணர்களிடம் 57.5 சதவீதத்தினர் குணமடைந்தனர். கிராமத்து டாக்டர்களிடம் 58.2 சதவீதத்தினர் குணமடைந்தனர். தக்க துணை கிடைத்தால் சாதாரண டாக்டரும் நிபுணருக்கு நிகராகப் பணியாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாடம் மட்டும் போதுமா?

கல்வியால் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், பட்டம் பெறாமல் வைத்தியம் செய்து வந்த 304 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினர். ஒரு பாதியினருக்கு ஒன்பது மாதங்களில் 72 வகுப்புகள் நடத்தப்பட்டன. நோயை அறிந்து முறையாகக் கவனிப்பதில் அவர்கள் முன்னேறினார்கள். ஆனால் தேவையற்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பது குறையவே இல்லை என்று 2016-ல் வெளியான முடிவு கூறியது.

இது ஏன்? கொடுப்பவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கேட்பவர் யார்? "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று வற்புறுத்துபவர் நாமல்லவா? ஊசி போடாத டாக்டரைக் 'கைராசி இல்லாதவர்' என்று சொல்லி அடுத்த தெரு டாக்டரிடம் போகிறவர்களும் நாமே. சளிக்கும் சாதாரண ஜுரத்துக்கும் பெரும்பாலும் வைரஸே காரணம். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. நம் உடலில் உள்ள மற்றக் கிருமிகளுக்கோ அம்மருந்தைத் தாங்கும் வலுவைக் கற்றுக் கொடுக்கும்.

இது வீண் அச்சமன்று. மிக வலிமையான ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காத கிருமிகள் இந்தியாவில், சென்னை உட்படப் பல இடங்களில் காணப்பட்டதை 2010-ல் உலகம் அறிந்தது. 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கத்தினர் சென்னையில் கூடி, இதைத் தடுக்க வழி வகுத்தனர். 'சென்னைப் பிரகடனம்' என்று அது பெயர் பெற்றது. 2014 மார்ச் முதல் சில முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்கும் மருந்துக் கடைக்காரர், டாக்டர், நோயாளி ஆகியோரின் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

நம் பங்கு என்ன?

வைத்தியத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என நான்கு கூறுகளை வகுத்துச் சொன்னவர் வள்ளுவர். பெரும்பாலான வீடுகளில் அந்த நான்காமவர் தாயோ, அக்காளோ, மகளோதான். ஆகவே தோழியரே, இந்த வகுப்பறையில் நமக்கும் ஓர் இடம் உண்டு.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது தொடங்கிய நாளைக் குறித்து வைப்போம். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளாக?" என்பதே. வெள்ளத்தில் நடந்ததையும், வெளியூர் சென்று வந்ததையும், ஏற்கெனவே விழுங்கிய மாத்திரையையும் மறைக்காமல் கூறுவோம். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். காசநோய் மாத்திரை உண்பவர் வீட்டில் இருந்தால், இருமல் நின்ற பிறகும் கடைசி நாள் வரை அவர் உட்கொள்கிறாரா எனப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இதற்கு ஊசி வேண்டியதில்லை, கஞ்சி குடியுங்கள், நன்றாக நீர் பருகுங்கள், நாளை மறுநாள் வந்து காட்டுங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் ஒன்றும் தெரியாதவர் என்று எண்ணாதிருப்போம். புதுப் பாடத்தை ஒழுங்காகக் கற்று வந்தவர் அவராகத்தான் இருக்கக் கூடும். அவர் சொன்ன நாளில் தவறாமல் மீண்டும் சென்று காட்டுவது நம் கடமை.

நம்முள் சிலர் நாளை டாக்டர்களாகவும் செவிலியர்களாகவும் ஆகலாம். அன்று நம் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டங்கள் இருந்தாலும், இன்னும் அரை வைத்தியமே கற்றிருக்கிறோம் என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்காதிருக்கட்டும். அந்த எண்ணம் உள்ளவரிடமே நோயாளி தம் உயிரை நம்பி ஒப்படைக்கலாம்.